குறட்டை 3

மார்ச் 4
அத்தை மறுபடியும் போன் செய்தார். "மாப்ள, அவ பேசினது ஏதாவது போன்ல இருந்தா அனுப்புங்க. எம் பொண்ணு குரலே மறந்துருமோன்னு பயமா இருக்கு."
தேடறேன் என்றேன். தேட என்ன இருக்கிறது? என்னிடம் இருப்பது பன்னிரண்டு குறட்டை. "நான் குறட்டையே விடறதில்ல" என்று என் மனைவி சாதித்ததால், ஆதாரத்துக்காகப் பதிவு செய்தவை. பெற்றவளுக்கு இதையா அனுப்புவது?

மார்ச் 5
அவள் இறந்துபோய் ஏழு மாதம். இன்னும் அழவில்லை. பல் மட்டும் ஒழுங்காகத் தேய்க்கிறேன்.

மார்ச் 9
ஆய்வகத்தில் என் வேலை இதுதான்: எலியின் உள்காதுத் துணுக்கைக் கிண்ணத்தில் வைத்து, ஒலிக்கோப்பு சொல்கிறபடி மெல்லிய ஊசியால் அசைப்பது. வெளியே சத்தம் கேட்காது. நரம்பு செல்லுக்குள் கால்சியம் ஏறினால் அதில் ஏற்றிய சாயம் மினுங்கும், திரையில் ஓடும் கோட்டில் மேடு எழும்.
இன்று எழுந்தது வேறு ரகம். பெரிய மேடு, இடைவெளி, குட்டி மேடு. ஆய்வகத்தை நடத்தும் மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
"என்னப்பா, செல்லு மூச்சு வாங்குது?"
கோப்பின் பெயரைப் பார்த்தேன். 'சோதனை 3' இல்லை. 'குறட்டை 3'. போன் நிரம்பியதால் கணினிக்கு மாற்றி வைத்தது.
"தப்பான கோப்பு மேடம். வீட்டு... வீட்டுச் சத்தம்."
திரையில் மினுங்கிய நாற்பத்திரண்டு நரம்பு செல்கள் சாட்சி. ஜெயிச்சுட்டேன்டி. யார்கிட்ட போய்ச் சொல்ல?

மார்ச் 10
ஒன்று உறுத்துகிறது. மூன்று நிமிடத்தில் குறட்டை மேடுகள் நின்றுவிடுகின்றன. பிறகு கிடுகிடுவென்று பொடி மேடுகள். பேச்சுதான் அப்படி வரும். அன்று பதிவைப் போட்டுவிட்டு நான் தூங்கிப்போனேன், முழுசாகக் கேட்டதே இல்லை.
கேக்கணுமா? கேட்டா என்ன ஆயிடும்? கால்சியம் ஏறும், வேறென்ன.

மார்ச் 11
கேட்கவில்லை.

மார்ச் 12
மதிய இடைவேளையில் கேட்டேன். மூணு நிமிஷம் குறட்டை. அப்புறம் அவ.
"தூங்கிட்டீங்களா? ஆதாரம் எடுக்க வந்தவரு தூங்கிட்டாரு பாரு. நான் முழிச்சுக்கிட்டேதான் விட்டேன், லூசு."
அப்புறம் சிரிப்பு. அப்புறம், கடைசிவரைக்கும், என் குறட்டை.
நாற்பத்திரண்டு பேரும் பொய்ச்சாட்சி.
மேடம் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். "மைக்ரோஸ்கோப் மேல சொட்டாம பாத்துக்கப்பா."

மார்ச் 13
அத்தைக்கு அனுப்பினேன். பத்தே நிமிடத்தில் போன். வெகுநேரம் மூக்கை உறிஞ்சினார்.
"மாப்ள, இது நடிப்பு. நிஜக் குறட்டை சின்ன வயசுலேர்ந்தே இதைவிட மோசம். அது இருக்கா?"
மீதிப் பதினொன்றையும் அனுப்பினேன். ஒவ்வொன்றாக, கடைசிவரை கேட்டுவிட்டு.