மாதா கோயில் கோபுரம் தெரிகிறதா

யெல்லோநைஃப்
வட கனடா
அக்டோபர் 21, 1994

என் செலீனுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். செவ்வாய்க்கிழமை உங்கள் பக்கம் பறந்தபோது ரேடியோவில் உன் குரலைக் கேட்டேன். மேகம் இவ்வளவு உயரம், காற்று இந்தப் பக்கம் என்று வானிலை சொல்லிக்கொண்டே நடுவில் இரண்டு முறை இருமினாய். விமானி லாயிட் என்னைத் திரும்பிப் பார்த்து, "உன் பொண்டாட்டிக்கு ஒரு வாய் சுடுதண்ணி வெச்சுக் குடுக்க ஆளில்லையாடா?" என்றான். நீ அங்கே, நான் இங்கே. ஆளுக்கு எங்கே போவது?

ரேடியோவில் உன்னோடு பேச எனக்கு மட்டும் ஆசையில்லையா? நான் ஒரு வார்த்தை பேசினால் கரடி ஏரியைச் சுற்றி அத்தனை வீட்டிலும் கேட்கும். மறுநாள் அதற்குக் கையும் காலும் முளைத்துவிடும். அதனால்தான் கடிதம். திரும்பிப் போகும்போது மைக் பொத்தானை இரண்டு தரம் அழுத்துகிறேனே, 'டிக், டிக்' என்று? அது நான்தான். லாயிட்டுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது.

நம் கிழட்டுச் சரக்கு விமானம் டகோட்டாவும் நலம். என்னைவிட ஏழு வயது மூத்தவள், இன்னும் மூன்று டன் சுமக்கிறாள். போன வாரம் ஒரு அதிகாரி ஏறினார். இறக்கையைக் காட்டி, "என்னப்பா, எண்ணெய் இப்படிச் சொட்டுது?" என்று கேட்டார். "சொட்டுற வரைக்கும் பயமில்ல சார். நின்னுடுச்சுன்னா உள்ள ஒண்ணுமில்லன்னு அர்த்தம்" என்றேன். இறங்கும்வரை மனுஷன் அந்த இறக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மூன்று வியாழனாக உன் விமானத் திடலுக்கு மேலே வந்து வட்டமடித்துவிட்டுத் திரும்புகிறோம். ஏரி முழுசாக உறையும்வரை மூடுபனி விடாது. உனக்கென்று ஆரஞ்சு வாங்கி, குளிரில் விறைக்காமல் இருக்கக் கம்பளிக் காலுறைக்குள் போட்டு மடியிலேயே வைத்திருந்தேன். மூன்று வாரமும் நானே தின்றேன். துவைத்த காலுறைதான், முகத்தைச் சுளிக்காதே.

இறங்கினால் நமக்குக் கிடைப்பது நாற்பது நிமிடம். முப்பது நிமிடம் நான் மாவு மூட்டை இறக்க, பத்து உனக்கு. ஆறு வருஷமாக அந்தப் பத்து நிமிடத்தில்தான் குடும்பம் நடத்துகிறோம்.

உன் இசிடோர்

*

கரடி ஏரி, விமானத் திடல்
நவம்பர் 13, 1994

அன்புள்ள இசிடோருக்கு,

உன் கடிதம் நர்ஸ் அம்மாவின் சின்ன விமானத்தில் இன்று வந்தது. வெளுத்த வானம், ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமைக்கு மட்டும் இந்த வானத்துக்கு என்ன வருகிறதோ தெரியவில்லை. விமானம் கிளம்புவதற்குள் எழுதிக் கொடுக்கிறேன்.

இருமல் போய்விட்டது. நீ வராமல் ஆறு வாரம் ஆகிறது.

என் வேலை உனக்குத் தெரியாததில்லை. ஜன்னலுக்கு வெளியே சிவப்புப் பீப்பாய் தெரிந்தால் அரை மைல். மாதா கோயில் கோபுரம் தெரிந்தால் ஒரு மைல். ஒரு மைல் என்றால் இறங்கலாம், அரை மைல் என்றால் திரும்பிப் போ. ஒவ்வொரு வியாழனும் விடிந்ததிலிருந்து அந்தக் கோபுரத்தைத் தேடுகிறேன். கண்ணுக்குத் தெரிவதைத்தான் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

கடைக்கார அல்போன்ஸ் நேற்று எல்லோர் முன்னாலும், "என்ன செலீன், இந்த வாரமாச்சும் உன் புருஷன இறக்குவியா, இல்ல நாங்க மாவுக்குப் பதிலா பனியத் தின்னணுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வியாழன்தோறும் கரிபூ மானின் விலா எலும்பை வேகவைத்து, ரொட்டி சுட்டு, இரண்டு தட்டு வைக்கிறேன். சாயங்காலம் ஒரு தட்டை நாய்க்குப் போடுகிறேன். நாய் நன்றாகத் தேறிவிட்டது.

இரண்டு வருஷம் என்று சொல்லித்தானே போனாய்?

செலீன்

*

யெல்லோநைஃப், மருத்துவமனை
டிசம்பர் 5, 1994

என் செலீனுக்கு,

வலது கையால்தான் எழுதுகிறேன், பயப்படாதே. இடது தோள்பட்டை எலும்புதான் உடைந்தது. லாயிட்டுக்கு நெற்றியில் ஆறு தையல். யாரும் சாகவில்லை. தரை கண்ணில் பட்டபோது பாதித் திடலைத் தாண்டிவிட்டோம். சறுக்கிக்கொண்டுபோய்க் கரைப் பாறையில் மோதியதும் டகோட்டாவின் ஒரு இறக்கை மடங்கிப்போனது.

நீ வீட்டுச் செருப்போடு பனியில் ஓடி வந்தாய். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சிடு, மன்னிச்சிடு" என்றாய். கடவுளிடம் அழுகிறாய் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

செலீன், உன் மடியில் கிடந்தபோது நான் கோயில் பக்கம் பார்த்தேன். கோபுரம் இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளை. நீ ரேடியோவில் ஒரு மைல் என்று சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

நேற்று விசாரணை அதிகாரி வந்தார். கோபுரம் தெரிந்ததா என்று கேட்டார். தெரிந்தது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நீயும் அதையே சொல். படித்துவிட்டு இதை அடுப்பில் போடு.

இசிடோர்

*

கரடி ஏரி
டிசம்பர் 18, 1994

அன்புள்ள இசிடோருக்கு,

தோள் எப்படி இருக்கிறது? வாத்துக் கொழுப்புக் கொடுத்தனுப்புகிறேன், சூடாக்கித் தடவச் சொல்.

ஏரி உறைந்துவிட்டது. டகோட்டா கரையில் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிகிறது. மூடுபனி ஒரு நாளும் இல்லை. வேறொரு விமானம் வந்தது, மாவு வந்தது. அல்போன்ஸ் இப்போது என்னைக் கேலி செய்வதில்லை. கேலி செய்தால் தேவலை.

அதிகாரி என்னையும் கேட்டார். நீ சொன்னதையே சொன்னேன்.

கடிதத்தை அடுப்பில் போடவில்லை. உன் கையெழுத்து, மனம் வரவில்லை.

லாயிட்டைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே?

செலீன்

*

யெல்லோநைஃப்
ஜனவரி 15, 1995

என் செலீனுக்கு,

எழுத வேண்டாமென்றுதான் இருந்தேன். நீ கேட்டுவிட்டாய்.

லாயிட்டின் உரிமத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். பார்வை ஒரு மைல் இருந்தும் தரையைக் கோட்டை விட்டான், கவனமில்லாத விமானி என்று எழுதியிருக்கிறார்களாம். இருபத்தாறு வருஷம் பறந்தவன். நேற்று என் அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"இசிடோர், எனக்குக் கண்ணு கெட்டுப்போச்சா?" என்றான்.

"ஏன்டா இப்படிக் கேக்குற?"

"நீ பாத்திருக்க, உன் பொண்டாட்டி பாத்திருக்கா. எனக்கு மட்டும் அந்தக் கோபுரம் தெரியல. டாக்டர்கிட்ட போனேன், கண்ணு நல்லாத்தான் இருக்குன்றாரு. அப்ப மூளையா?"

நான் தேநீர் போட எழுந்துவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆனாலும் சொல்கிறேன், வாயைத் திறக்காதே. திறந்தால் உன் வேலை போகும், பொய்க் கையெழுத்துக்கு என் வேலையும் போகும். அந்தப் பத்து நிமிடமும் போய்விடும். லாயிட் எப்படியாவது மீண்டு வருவான். கெட்டிக்காரன்.

இசிடோர்

*

கரடி ஏரி
ஜனவரி 29, 1995

அன்புள்ள இசிடோருக்கு,

அன்றைக்கு எனக்குப் பீப்பாய் மட்டும்தான் தெரிந்தது. அதுவும் மங்கலாக.

எட்டு வியாழன் சரியாகச் சொன்னேன். ஒன்பதாவது வியாழன் உங்கள் இன்ஜின் சத்தம் தலைக்கு மேல் வந்தது. அடுப்பில் விலா எலும்பு வெந்துகொண்டிருந்தது. லாயிட், "செலீன், எவ்வளவு தெரியுது?" என்று கேட்டான். எப்போதும் இறங்குகிறவர்கள்தானே, கண்ணை மூடிக்கொண்டுகூட இறங்குவார்கள் என்று நினைத்தேன். "ஒரு மைல்" என்று என் வாய் சொல்லிவிட்டது. அரை மைலைக் கூட்டிச் சொன்னேன் இசிடோர், உன்னைப் பத்து நிமிடம் பார்க்க. அதற்கு உங்கள் எல்லோரையும் கொன்றிருப்பேன்.

லாயிட் உன் கட்டிலில் உட்கார்ந்து கேட்டானே, அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் கல்யாணத்தில் உனக்குப் பக்கத்தில் நின்றவன் அவன். தன் கண்ணையே சந்தேகப்படும்படி அவனை விட்டுவிட்டு, நாம் பத்து நிமிடம் என்ன பேசிக்கொள்வோம்?

அதிகாரிக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நான் சொன்னது பொய் என்றும், நீ போட்ட கையெழுத்து எனக்காகப் போட்டது என்றும். உன் பெயரை விட்டுவிடப் பார்த்தேன். விட்டால் லாயிட் தப்ப மாட்டான். உன்னைக் கேட்காமல்தான் எழுதினேன். கேட்டிருந்தால் எழுத விட்டிருக்க மாட்டாய்.

திட்டியாவது எழுது.

செலீன்

*

கரடி ஏரி
ஏப்ரல் 7, 1995

அன்புள்ள இசிடோருக்கு,

பத்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பரவாயில்லை, நான் எழுதுகிறேன்.

என் வேலை போய், வானிலை சொல்லும் ஜன்னலில் இப்போது அல்போன்ஸின் தங்கை வெரோனிக் உட்காருகிறாள். நான் கடையில் பெட்டி அடுக்குகிறேன், வியாழன்களில் பனிவண்டியை ஓட்டிப்போய்ச் சரக்கை ஏற்றி வருகிறேன். அல்போன்ஸ் மறுபடி கேலி செய்ய ஆரம்பித்துவிட்டான். நல்ல மனுஷன்.

மார்ச் மாதம் லாயிட் உரிமம் திரும்பக் கிடைத்து வேறொரு டகோட்டாவில் வந்தான். நான் எதிரே போய் நின்றேன். வெகுநேரம் கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தான். பிறகு, "எனக்கு எழுதியிருக்கலாம் செலீன், மொதல்ல எனக்கு எழுதியிருக்கலாம்" என்றான். போன வாரம் வந்தபோது அவனே சொன்னான்: "உன் வீட்டுக்காரன சரக்கு ஏத்துற வேலைக்கு மறுபடி எடுத்துக்கிட்டாங்க. நான்தான் கேட்டேன். அடுத்த வியாழன் என்கூட வர்றான். உன்னப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டேங்குறான், ஆனா வர்றேன்னுட்டான்."

நேற்றுதான் அந்த வியாழன். விலா எலும்பு வைத்தேன். தலை வாரினேன். திடலுக்குப் போனால் பொடிப்பனி கொட்டி ஊரே பாலில் முக்கி எடுத்ததுபோல் கிடந்தது. உள்ளே போய் வெரோனிக் பக்கத்தில் நின்றேன். உங்கள் சத்தம் மேலே வந்தது. அவள் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள். "அக்கா, எனக்குத் தெரியுற மாதிரியும் இருக்கு, தெரியாத மாதிரியும் இருக்கு. உங்க கண்ணு பழகின கண்ணு. கோபுரம் தெரியுதா, பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். சிலுவை நுனி ஒரு நொடி தெரிந்த மாதிரிதான் இருந்தது. ஆசைப்பட்டுப் பார்த்தால் எதுதான் தெரியாது?

"தெரியல. பீப்பாய் மட்டும்தான். அரை மைல்னு சொல்லு" என்றேன்.

அவள் அப்படியே சொன்னாள். பக்கத்தில்தான் நின்றேன், என் குரலும் உனக்குக் கேட்டிருக்கும். லாயிட், "சரிம்மா, திரும்புறோம்" என்றான். ஒரு வட்டம் அடித்தீர்கள். பிறகு சத்தம் தெற்கே போனது. ரேடியோவில் 'டிக், டிக்' வருமென்று நின்றேன். "இன்னும் என்னக்கா கேக்குறீங்க? அவங்க போயிட்டாங்க" என்று வெரோனிக் சொல்லும்வரை நின்றேன். வரவில்லை.

உன்னைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த விமானம் இறங்கினால்தான் இந்தக் கடிதம் இங்கிருந்து கிளம்பும். அதில் நீயும் இருந்தால், இதை உன்னிடம் கொடுக்க மாட்டேன், அந்தப் பத்து நிமிடத்தில் நானே சொல்லிவிடுவேன்.

செலீன்