தம்பியின் கண்கள்

அன்புள்ள அம்மா, கர்த்தர் கிருபையால் உத்திரமேரூரில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

ஓவியர் பிரிஸ்கில்லா அக்காவிடம் இறந்தவர்களின் படம் வரையப் பழகுகிறேன். மானாம்பதிக்காரர் ஒருவர் தன் மகளைக் கண் திறந்தபடி வரையச் சொன்னார். அவரிடம் இருந்தது சவப்பெட்டியில் எடுத்த போட்டோ மட்டும்தான்.

"கண்ண நீ போடு. தெரிஞ்ச ஒருத்தர நெனச்சிக்கினு போடு, அப்பதான் உசுரு வரும்" என்றார் அக்கா.

நம் தம்பி கர்த்தரிடம் போன பிறகும் எனக்கு மறக்காதது அவன் கண்தான். அதையே அந்தப் பெண்ணுக்கு வரைந்தேன். "எம் பொண்ணு என்னியே பாத்துக்கினு கீது" என்று அவர் அழுதார். அக்காவிடம் எனக்கு நல்ல பெயர்.

வேலை கிடக்கிறது, முடிக்கிறேன். நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பும்போது, தம்பி கண் திறந்திருக்கும் போட்டோ ஒன்றும் வையுங்கள். அவனை நினைத்தால் இப்போது அந்தப் பெண்ணின் முகம்தான் வருகிறது.

உங்கள் ஜெனிஷா