மலிக்கும் மாலிக்கும்

கொடும்பாளூர்,
சித்திரை 20.

அன்புள்ள மாமாவுக்கு,

திலகவதி வணங்கி எழுதுவது. நானும் பிள்ளையும் நலம். லீவு முடிந்து அங்கே திரும்பும் நம் தெருக் கவியரசனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் நீங்கள் பேசும்போது பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரியே தெரிகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உங்கள் தங்கை இளமதிக்கு வைகாசியில் கல்யாணம் உறுதியாகிவிட்டது. நார்த்தாமலை மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண்ணைவிட உங்கள்மேல்தான் மோகம். பெண்ணின் அண்ணன் மலிக்கிடம் டிரைவர் என்று ஊரெல்லாம் சொல்லியாயிற்று. மலிக் என்றால் அரசர் என்று மாப்பிள்ளையின் அப்பா செல்போனில் தேடிக் கண்டுபிடித்தாராம். நம் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்தது.

பத்திரிகையில் "மன்னர் மாளிகை ஓட்டுநர்" என்று போடச் சொல்லி விராலிமலை அச்சகத்துக்குப் போனேன். அதை நடத்தும் ஜெமீலா அக்கா, கணவரோடு பல வருடம் அரபு நாட்டில் இருந்தவர். விவரம் கேட்டுவிட்டு, "மலிக்கா, மாலிக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு திலகா" என்றார். உங்கள் வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினேன். "மாலிக் லீவு தர மாட்டேங்குறாரு, பாஸ்போர்ட்டு அவருகிட்டதான் இருக்கு" என்கிறீர்கள். நீட்டித்தான் சொல்கிறீர்கள்.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். மலிக் என்றால் அரசர். மாலிக் என்றால் உடைமைக்காரர், முதலாளி. அமீர் ஆணையிடுகிறவர், சுல்தான் அதிகாரம் உள்ளவர். ஷேக் என்பதோ நம் பக்கத்தில் ஊர்ப் பெரியவரை அம்பலம் என்கிற மாதிரியாம். ஆளும் குடும்பத்தாரையும் சொல்வார்கள், கூட்டத்துக்குத் தலைவரையும் சொல்வார்கள், வெறுமனே வயதானவரையும் சொல்வார்கள். பட்டம் இருந்தால் அரண்மனையும் இருக்கும் என்று கணக்கில்லை. நம் அம்பலம் வீட்டுக் கூரை ஒழுகுவது எனக்குத் தெரியாதா.

ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். அதைச் சேர்த்துப் படித்ததும் மற்றதும் புரிந்தது. டிரைவர் வேலைக்குத்தானே போனீர்கள்? போன மாதம் நீங்கள் அனுப்பிய படத்தில் காரைக் காணோம், ஆட்டுப்பட்டிதான் இருந்தது. முகம் கறுத்துக் கன்னம் ஒட்டியிருந்தது. வெயில் என்றீர்கள், நம்பினேன். இப்போது பயமாக இருக்கிறது.

நீங்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் நெடிலாகச் சொன்னதை நாங்கள் குறிலாகக் கேட்டுக்கொண்டோம். அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் நானே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முகம் சுருங்கியது, ஆனால் கல்யாணம் நிற்கவில்லை. நின்றாலும் நிற்கட்டும், அண்ணன் வந்தாப் போதும் என்றாள் இளமதி.

கவியரசன் உங்களை நம் நாட்டுத் தூதரகத்துக்கு அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறான். கௌரவம் பார்க்காமல் அவனோடு கிளம்புங்கள். வெறுங்கையோடு வந்தால் யார் என்ன சொல்வார்கள் என்று யோசிக்காதீர்கள். ஐயனார் துணையிருப்பார். அந்த மனிதர் ஆடுகளுக்கு மாலிக்காக இருந்துகொள்ளட்டும். நீங்கள் அவருடைய உடைமை இல்லை மாமா, வந்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
திலகவதி