சட்டையில் தெறித்த பீர்

ஞாயிறு.

எங்கள் மேனேஜர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறார். அதைப் பிடிக்க, பழைய ஃபிரிட்ஜ் கதவில் குழாய் வைத்துத் தரச் சொல்லி, லீவு நாளில் என்னை மண்ணூருக்கு வரவழைத்தார். பிளான்ட்டில் மெயின்டனன்ஸ் ஆள் நான்தானே. கதவைத் துளைத்தேன். பீரை வெளியே தள்ளும் கேஸ் சிலிண்டரை இணைத்து, கசிகிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். முதல் தடவை குழாயைத் திறந்ததும் பீர் பீய்ச்சியடித்து என் சட்டை நனைந்தது. பிரஷரைக் குறைத்ததும் ஒழுங்காக வந்தது. மேனேஜர், வந்திருந்த தன் நண்பர்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்தார்.

என்னிடம் மட்டும், "நீ வண்டி ஓட்டணுமேப்பா, டீ குடிச்சிட்டுப் போ" என்றார். அவர்களும் காரில்தான் வந்திருந்தார்கள்.

வீட்டில் நுழைந்ததுமே மனைவி மூக்கைச் சுளித்தாள். "இன்னா, வேலைன்னு சொல்லிட்டு குடிச்சிட்டு வந்துகீற?"

ஒரு சொட்டுகூட இல்லை என்றேன். நம்பாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் காய்ச்சியிருக்கிறான்.