ஈரம் ஒற்றும் நேரம்

ஜூன் 10
சரயு அக்கா எடையில் ஏமாற்றுகிறார்.

எலியின் காலிலிருந்து எடுத்த தசையை நூலில் கட்டி, உப்புநீரில் தொங்கவிட்டு, மின்சாரம் கொடுத்து அதன் இழுப்பை அளப்பது என் வேலை. பிறகு அதை ஃபில்டர் பேப்பரில் ஒற்றி எடை போடுவது அக்காவின் வேலை. இழுப்பை எடையால் வகுத்துத்தான் தசையின் பலத்தைச் சொல்கிறோம். ஈரம் அதிகம் போனால் எடை குறையும், பலம் ஏறும். மருந்து கொடுத்த எலியின் தசை மட்டும் ஏன் பேப்பரில் அதிக நேரம் கிடக்கிறது?

ஜூன் 11
கடிகாரத்தை மடியில் வைத்துப் பார்த்தேன். சாதா எலி: ஆறு விநாடி. மருந்து எலி: பதினெட்டு, இருபது, பத்தொன்பது.

அக்காவிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "என்னடா மிலிந்த், நாந்தேட்லேருந்து வந்து எனக்கே ஒத்தி எடுக்கக் கத்துத் தரியா?" என்று சிரித்தபடி அவல் போஹா டப்பாவை நீட்டினார். தின்றுகொண்டே சந்தேகப்பட்டேன்.

ஜூன் 13
இந்த மருந்தைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியாயிற்று. அக்காவின் அந்த எண்களைக் காட்டித்தான் ஆய்வகத் தலைவர் பெண்ட்சே சார், தசை தேயும் நோயுள்ள பதினோரு பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறார். பெற்றோர்களை ஆய்வகத்துக்கே கூப்பிட்டு வரைபடம் காட்டினார். ஒரு அப்பா அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

அக்காவுக்கு இதில் என்ன லாபம்? ஒன்பது வருடமாக ஒப்பந்தக்காரி. நிரந்தர வேலை ஆசையா?

ஜூன் 16
எலிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் துக்காராமிடம் சொல்லி, கூண்டு அட்டைகளைக் கழற்றி வெறும் எண்களை ஒட்டவைத்தேன். எது மருந்து எலி என்று இனி அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது; பட்டியல் துக்காராமிடம் மட்டும்.

ஜூன் 19
பன்னிரண்டு எலிகள். துக்காராமின் பட்டியலோடு ஒப்பிட்டேன். வித்தியாசமே இல்லை. மருந்து ஒன்றும் செய்யவில்லை.

பிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன் — வெட்கமில்லாமல். நேராகச் சாரிடம் போனேன். அக்காவின் பெயரைச் சொன்னேன்.

ஜூன் 20
அக்கா மாடிப்படியில் மறித்தார். கத்தவில்லை.

"மருந்து எலிக்குத் தசை ஊதியிருக்கும், நல்லா அழுத்தி ஒத்துன்னு கையப் புடிச்சுக் காட்டினது உங்க சார். மூணு வருஷம் முன்னாடி. நான் பன்னெண்டாவது படிச்சவ, சொன்னதச் செஞ்சேன். நீ பெரிய படிப்பு. சார்கிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? சார்மேல் ஏன் ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை? அப்பா சாக்கடைக்குள் இறங்கி வளர்த்த பிள்ளை நான். அழுக்கு படுகிற கையின் மேல்தான் பழி விழும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் நானே போட்டேனே.

ஜூன் 23
அக்காவை அனுப்பிவிட்டார்கள். காரணம்: எடை போடுவதில் கவனக்குறைவு. கட்டுரை போன இடத்திலேயே இருக்கிறது.

ஜூன் 24
அக்கா போனை எடுக்கவில்லை.

ஜூன் 25
வாராந்திரக் கூட்டம். இனி எடையும் நானே போட வேண்டும் என்றார் சார். எழுந்து நின்றேன்.

"எடை தப்புன்னுதானே அக்காவ அனுப்புனீங்க? அப்ப அந்த எடைய வச்சு எழுதின கட்டுரையத் திருப்பி வாங்குங்க சார். அந்தப் பதினோரு வீட்டுக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க. இன்னிக்கே."

சார் என் பக்கம் திரும்பாமல் திரையில் அடுத்த வரைபடத்தைப் போட்டார்.