மரத்தூள் மூட்டைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். உங்களுக்கு முழங்கால் வலி அறவே இல்லை என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியவில்லை.

பழைய கால்வாயில் மறுபடி சரக்குப் படகு விடலாமா என்று ஆராயும் எங்கள் வேலை முடியப்போகிறது. விடலாம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். போன வாரம் இருபது டன் சிமெண்ட்டோடு சோதனை ஓட்டம் என்றார்கள். லாரி ஓட்டிய காலத்தில் டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்தே நீங்கள் பாரம் சொல்வீர்களே, அந்தக் கண்ணோடு பார்த்தேன். இருபது டன் ஏற்றிய படகு அவ்வளவு உயரமாக மிதக்காது. ஏறிப் போய் ஒரு மூட்டையைத் தூக்கினேன். ஒரு கையிலேயே வந்துவிட்டது.

“மரத்தூள்தாம்மா,” என்றார் படகோட்டி. “சிமெண்ட் ஏத்துனா பாதி வழியிலயே தரை தட்டிடும். தூர் வாராம எப்படிப் போகும்? நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

இறங்கும்போது வழுக்கி முழங்கை சிராய்த்தது. அவ்வளவுதான், பயப்பட வேண்டாம்.

ஓட்டம் வெற்றி என்ற அறிக்கையில் என் கையெழுத்து வேண்டுமாம். போடாவிட்டால் என் ஒப்பந்தம் நீளாது என்பதை மேலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நீங்கள் மாடிப்படி ஏறுவதைத் தம்பியை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வலி இல்லையா என்று நானே பார்த்துக்கொள்கிறேன். ஏறும்போது ஏதாவது பேசிக்கொண்டே ஏறுங்கள்; எதுவானாலும் சரி.

கதவு தட்டுகிறார்கள். மேலாளராகத்தான் இருக்கும். பேனாவை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டுத் திறக்கிறேன்.

உங்கள் மகள்