அப்பாவின் லாரிக்கு ஏசி

பெரியவனுக்கு அம்மா எழுதுவது. என் முட்டியைத் தவிர இங்கே எல்லாரும் நலம், நீங்கள் நாலு பேரும் நன்றாயிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உன் மகள் ஆறாவதுக்குப் போகிறாளாமே, ஐந்தோடு நின்ற என்னைத் தாண்டிவிட்டாள், தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

விஷயம் என்னவென்றால், உன் தங்கை அப்பாவின் லாரியை விற்கப் பார்த்தாள். "மத்தியானத்துல உள்ள உட்கார முடியலம்மா, ஏசி மாட்ட முடிஞ்சா வெச்சுக்கறேன், இல்லேன்னா கேக்கிறவருக்குக் கொடுத்துடறேன்" என்று ஒரே பிடியாக நின்றாள். ஓட்டுகிறவள் அவள், என்ன சொல்வது? அப்பா ஈரத்துண்டை ஜன்னலில் தொங்கவிட்டு ஓட்டுவார், நீ என் மடியில், அவள் உன் மடியில், அந்தக் காற்றே நமக்குப் போதுமாயிருந்தது. ஏசிக்கு ரேடியேட்டர் முன்னால் கண்டென்சர் என்று இன்னொன்று நிற்க வேண்டுமாம், நம் வண்டியில் ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தில் அதற்கு இடமில்லை. நம் மெக்கானிக், மூஞ்சி ஒரே மாதிரி இருக்கிறதென்று வேறு வருஷத்து வண்டியின் சட்டத்தைத் தூக்கி வந்துவிட்டார். மேலே பொருந்தியது, கீழே போல்ட் ஓட்டை இரண்டு விரல் தள்ளி நின்றது. புதிதாக ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்றார். இவள் விடுவாளா, "ஓட்டைக்குப் பக்கத்துல ஓட்டை போட்டா அது சட்டமாண்ணே, சல்லடையா?" என்றாள். "அப்ப நீயே தேடிக் கொண்டா மகராசி" என்று அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார். அவளும் பழைய வண்டி உடைக்கிற இடமெல்லாம் அலைந்து, நம் வருஷத்திலேயே ஏசியோடு வந்த வண்டி ஒன்றைப் பிடித்து, சட்டம், ரேடியேட்டர், விசிறி மூடி, கிளாம்பு எல்லாவற்றையும் அந்த ஒரே வண்டியிலிருந்து கழற்றி வந்தாள். அச்சு அசலாக உட்கார்ந்தது.

பழைய சட்டத்தைக் கழற்றியபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ ஓட்டப் பழகும்போது கேட்டில் இடித்து வளைத்தாயே, அப்பா கடைசிவரை நிமிர்த்தாமல் வைத்திருந்தாரே, அது. இதை மட்டும் விட்டுவிடேன் என்றேன். "வளைஞ்ச இரும்பு வேணுமா, வண்டி வேணுமாம்மா?" என்றாள். நானே தூக்கிப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்தேன். லாரியை வாங்க வந்தவரை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள்.

நேற்று என்னை ஏற்றிப் போனாள். உள்ளே குளுகுளுவென்று இருந்தது, தெருச் சத்தமே இல்லை. கொஞ்சதூரம் கண்ணாடியை இறக்கு என்றேன். முறைத்துக்கொண்டே இறக்கினாள். அதே காற்றுதானப்பா.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ, மருமகளைக் கோபிக்காதே. பிள்ளைகள் நோய் நொடியில்லாமல் வளரட்டும். லீவு கிடைத்தால் வந்துவிடு, ஜன்னலோரம் மட்டும் கேட்காதே.

உன் அம்மா